வங்கிக்கு எதற்குக் கோயில் தூண்? விக்டோரியா காலக் கட்டடங்களும் வர்க்கமும்

பிரிட்டனில் 2015 முதல் 6,000-க்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகள் மூடப்பட்டிருக்கின்றன. அந்தச் செய்திகளோடு வரும் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. மூடப்பட்டது ஒரு சின்ன ஊரின் வங்கிக் கிளை. படத்தில் தெரிவதோ ஆளுயரத்தைப்போல ஐந்து மடங்கு உயரத் தூண்களும் சிலைகளும் கொண்ட அரண்மனை. இப்படிப்பட்ட கட்டடங்கள் பல இன்று ஓட்டல்களாகவும் மதுக்கூடங்களாகவும் மாறிவிட்டன. லண்டன் ஃப்ளீட் தெருவில், நாட்டின் மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்து 1888-ல் திறந்த கிளையும் இப்போது மதுக்கூடம்தான்.

பணத்தை வாங்கி வைக்கவும் கொடுக்கவும் ஒரு மேஜையும் ஒரு பெட்டகமும் போதுமே, இத்தனை கல் எதற்கு? 'பணக்காரத் திமிர்' என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்தப் பதில் நிற்காது. ஏனென்றால், விக்டோரியா மகாராணி ஆண்ட (1837-1901) அன்றைய பிரிட்டனில் மிகப் பழைய பணம் வைத்திருந்த வங்கிகள் பல அடக்கமான கட்டடங்களில்தான் இருந்தன. தூண் எழுப்புவதில் முந்தியவர்கள் புதிதாக வந்தவர்கள். அது ஏன் என்று பார்த்தால் கல்லுக்குப் பின்னால் இருக்கும் வர்க்கக் கணக்கு விளங்கும்.

முதலில் நான்கு அடிப்படைகள்

1. தனியார் வங்கி. ஒரு குடும்பமோ சில கூட்டாளிகளோ சொந்தமாக நடத்துவது. 1708-ல் வந்த ஒரு சட்டம், பாங்க் ஆஃப் இங்கிலாந்தைத் தவிர இங்கிலாந்தில் வேறு எந்த வங்கியிலும் ஆறு பேருக்கு மேல் கூட்டாளிகள் இருக்கக்கூடாது என்றது. அதனால் நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே வங்கி என்றாலே ஒரு குடும்பத்தின் பெயர்தான்.

2. கூட்டுப் பங்கு வங்கி. நூற்றுக்கணக்கானவர்கள் பங்கு வாங்கிச் சேர்ந்து நடத்துவது. 1825 நெருக்கடியில் 60-க்கும் மேற்பட்ட வங்கிகள் விழுந்தன. ஆறு பேர் வைத்திருந்த முதல் அந்த அடியைத் தாங்கவில்லை. உடனே 1826-ல் சட்டம் தளர்ந்தது: லண்டனிலிருந்து 65 மைலுக்கு அப்பால் கூட்டுப் பங்கு வங்கி தொடங்கலாம். 1833-ல் லண்டனுக்குள்ளும் அனுமதி கிடைத்தது. ஆனால் மற்ற ஊர் வங்கிகளைப்போல அங்கே தங்கள் பெயரில் பண நோட்டு வெளியிடக்கூடாது.

3. வரம்பற்ற பொறுப்பு. வங்கி விழுந்தால் பங்குதாரர் தன் பங்கை மட்டும் இழப்பதோடு முடியாது. வீடு, நிலம், நகை எல்லாம் கடனுக்குப் போகலாம். 1858 வரை, அரச சாசனம் பெற்ற சிலவற்றைத் தவிர மற்ற வங்கிகளுக்கெல்லாம் இதுதான் விதி. அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்குப் பெரும்பாலான வங்கிகள் இதை மாற்றிக்கொள்ளவில்லை.

4. டெபாசிட் காப்பீடு கிடையாது. போட்ட பணத்துக்கு வங்கியைத் தவிர வேறு யாரும் பொறுப்பில்லை. பிரிட்டனில் டெபாசிட்டுக்கான பாதுகாப்பு நிதி வந்ததே 1982-ல்தான்.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் பணம் போட வருகிறவரின் நிலைமை புரியும். கணக்கு வழக்கு வெளியே தெரியாது, அரசாங்கம் கைகொடுக்காது. அவர் எதை நம்பி ஆயுள் சம்பாத்தியத்தைக் கவுன்ட்டரில் நீட்டுவார்?

நிறைகுடம் தளும்பவில்லை

தனியார் வங்கிக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. 1672-ல் தொடங்கி, 1690 முதல் ஃப்ளீட் தெருவில் நடக்கும் ஹோர் குடும்ப வங்கியை எடுத்துக்கொள்வோம். 1829-30-ல் அவர்கள் எழுப்பிய கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் வசதியான ஒரு கனவானின் வீடு மாதிரிதான் இருக்கும். தூண் வரிசை கிடையாது, கூரையில் சிலை கிடையாது. வங்கி நடத்துகிற குடும்பம் அதே கூரைக்குக் கீழே தங்கவும் இடம் உண்டு. வாடிக்கையாளர்கள் நிலப்பிரபுக்கள், வழக்கறிஞர்கள், பாதிரிமார்கள். தெருவில் போகிற ஒருவர் திடீரென நுழைந்து கணக்குத் தொடங்குகிற இடமில்லை. ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் யாராவது கைகாட்டி அழைத்து வரவேண்டும்.

'இன்னார் வீட்டுப் பிள்ளை' என்ற ஒரு சொல்லிலேயே இவர்களுக்கு நம்பிக்கை வந்துவிடும். அப்பாவிடம் வரவு செலவு செய்த குடும்பம் மகனிடமும் செய்யும். அப்படிப்பட்டவருக்கு வாசலில் கிரேக்கத் தூண் வைத்துத் தன்னை நிரூபிக்கவேண்டிய தேவை இல்லை. பெரிய பலகை மாட்டுவதைக்கூட அந்த வட்டாரம் கடைக்காரத்தனம் என்றுதான் நினைத்திருக்கும்.

புதியவர்களின் கல்

1834-ல் லண்டன் அண்ட் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கி திறந்தது. தலைநகரின் முதல் கூட்டுப் பங்கு வங்கி. பழைய வட்டாரம் இதை எப்படி வரவேற்றது தெரியுமா? பாங்க் ஆஃப் இங்கிலாந்து அதற்குக் கணக்குத் தொடங்கித் தர மறுத்தது. வங்கிகள் ஒன்றுக்கொன்று காசோலைகளை நேர்செய்துகொள்ளும் கிளியரிங் ஹவுஸில் கூட்டுப் பங்கு வங்கி எதற்கும் இடமில்லை. 1854-ல்தான் அந்தக் கதவு திறந்தது. இருபது வருஷம் வாசலில் நிறுத்திவைக்கப்பட்டவர்கள் இவர்கள்.

இந்த வங்கிகளின் பங்குதாரர்கள் வியாபாரிகள், ஆலைக்காரர்கள், விதவைகள், ஓய்வுபெற்ற அதிகாரிகள். யாருடைய பெயரும் தனியாக நின்று கனம் தராது. அப்படியானால் கனம் எங்கிருந்து வரும்? கட்டடத்திலிருந்து. திறந்து நாலைந்து வருஷத்துக்குள் லண்டன் லாத்பரி தெருவில் சி. ஆர். காக்கரெலையும் வில்லியம் டைட்டையும் வைத்துப் பெரிய தலைமையகம் கட்டிக்கொண்டது இந்த வங்கி. காக்கரெல் யார்? பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் கட்டடக் கலைஞர்! கணக்குத் தர மறுத்தவர்களின் ஆளையே கூப்பிட்டு அவர்கள் கட்டடத்துக்கு எதிரிலேயே கட்டினார்கள். இந்தத் தேர்வு தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நேஷனல் புரொவின்ஷியல் வங்கியின் கதை இன்னும் தெளிவானது. 1833-ல் தொடங்கி ஊர் ஊராகக் கிளை பரப்பிய வங்கி. வெளியூர்களில் நோட்டு வெளியிடும் உரிமையை விடக்கூடாது என்பதற்காக லண்டனில் வங்கித் தொழிலே செய்யாமல் இருந்தது. 1866-ல் அந்த உரிமையைக் கைவிட்டுத் தலைநகருக்குள் வந்தது. அதற்குச் சற்று முன்னால், 1864-65-ல், ஜான் கிப்சன் என்பவரை வைத்து பிஷப்ஸ்கேட்டில் ஒரு மண்டபம் எழுப்பியிருந்தது. இன்றும் போய்ப் பார்க்கலாம்: முகப்பு முழுக்க, தலையில் இலை வேலைப்பாடு கொண்ட கொரிந்தியத் தூண்கள், இடையிடையே தொழில், வணிகம், விவசாயம், கப்பல் போக்குவரத்து என்று புடைப்புச் சிற்பங்கள். கூரை விளிம்பில் வானத்தைப் பின்னணியாக்கி நிற்கும் சிலைகள் மான்செஸ்டர், பர்மிங்ஹாம், வேல்ஸ் என்று வங்கி தொழில் நடத்திய ஊர்களையும் பகுதிகளையும் குறிக்கின்றன. வெளியூர்க்காரன் தலைநகருக்குக் குடிவரும்போது தன் ஊர்களையெல்லாம் தலைக்கு மேலே நிறுத்திக்கொண்டு வந்த மாதிரி.

ஸ்காட்லாந்தில் ஆறு பேர் கட்டுப்பாடு கிடையாது. அதனால் அங்கே இந்தப் போட்டி முன்னாலேயே முற்றியது. எடின்பரோவில் ராயல் பாங்க், சர் லாரன்ஸ் டண்டாஸ் என்ற பெரும் செல்வந்தர் 1770களில் கட்டிய மாளிகையையே விலைக்கு வாங்கிக் குடியேறியது. பின்னால், 1857-58-ல், அதில் நீலக் குவிமாடம் ஒன்றைச் சேர்த்தார்கள். குவிமாடத்தில் நட்சத்திர வடிவில் கண்ணாடித் துளைகள். பகலில் நிமிர்ந்து பார்த்தால் நட்சத்திரம் பூத்த வானம் மாதிரி இருக்கும். சில தெருக்கள் தள்ளி கமர்ஷியல் பாங்க். 1810-ல், பழைய மூன்று வங்கிகளும் மேட்டுக்குடிக்குத்தான் உதவுகின்றன என்ற கோபத்தில் நகரத்து வியாபாரிகளும் வழக்கறிஞர்களும் தொடங்கியது. 1847-ல் அது கட்டி முடித்தது ரோமானியக் கோயில் போன்ற ஒரு முகப்பு. பழைய வங்கி பிரபுவின் வீட்டை வாங்கிக்கொண்டது. புதிய வங்கி கோயில் கட்டியது.

இதற்கு விலக்கும் உண்டு. மான்செஸ்டரில் ஹேவுட் குடும்பத்தின் தனியார் வங்கி 1848-ல் செயின்ட் ஆன்ஸ் சதுக்கத்தில் இத்தாலிய அரண்மனை பாணியில் கட்டடம் எழுப்பியது. பஞ்சாலை நகரத்தில் கூட்டுப் பங்கு வங்கிகள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டன. குடும்பப் பெயர் மட்டும் போதாமல் போயிற்று.

கல் பேசிய மொழி

எந்தப் பாணியை எடுத்தார்கள் என்பதிலும் கணக்கு இருந்தது.

1. கோயில் முகப்பு. பழைய ரோமில் அரசாங்கக் கருவூலம் சனிக் கடவுளின் கோயிலில் இருந்தது. ஏதென்ஸ் தன் செல்வத்தை அத்தீனா தேவியின் கோயிலான பார்த்தினானில் வைத்தது. படித்த வர்க்கத்துப் பையன்கள் பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் படித்தவர்கள். இந்தக் குறிப்பு அவர்களுக்கு உடனே விளங்கும். படிக்காதவருக்கு விளங்கியது வேறு: இது ரொம்பப் பெரிய இடம்.

2. இத்தாலிய அரண்மனை. ஃப்ளாரன்ஸின் மெடிச்சி குடும்பம் வட்டித் தொழிலிலிருந்து ஆட்சிக்கு வந்தது. வங்கிக்காரருக்கு இதைவிட நல்ல முன்னோர் கிடைக்கமாட்டார். இன்னொரு காரணமும் உண்டு. லண்டன் பால் மால் தெருவில் கனவான்களின் டிராவலர்ஸ் கிளப் 1832-லும், ரிஃபார்ம் கிளப் 1841-லும் கட்டடக் கலைஞர் சார்லஸ் பேரியின் கையால் இதே பாணியில் எழுந்தன. அந்த முகப்பைப் போட்டுக்கொண்ட வங்கி, 'நாங்களும் அந்த வட்டாரம்தான்' என்று சொல்லிக்கொண்டது.

3. கதவு. லிவர்பூல் காசில் தெருவில் அடெல்ஃபி வங்கி 1890களின் தொடக்கத்தில் வைத்த வெண்கலக் கதவுகளை நின்று பார்க்கவேண்டும். அடெல்ஃபி என்றால் கிரேக்கத்தில் சகோதரர்கள். அதனால் கதவில் நட்புக்குப் பேர்போன ஜோடிகளை வார்த்தார்கள்: அக்கிலிஸும் பட்ரோக்ளஸும், காஸ்டரும் பொலக்ஸும், பைபிளின் தாவீதும் யோனத்தானும், ரோலண்டும் ஆலிவரும். கடன் வாங்கவும் கொடுக்கவும் நடக்கிற வாசலில், உயிரைக் கொடுக்கும் தோழர்களின் முகங்கள்.

கதவுக்கு உள்ளே

உள்ளே நுழைந்தால் முதலில் உயரம். மேலே கண்ணாடிக் கூரையோ குவிமாடமோ இருக்கும். அலங்காரத்துக்கு மட்டுமில்லை, நாள் முழுக்கக் கணக்கெழுதுகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டும், தெருப்பக்கம் பெரிய ஜன்னல் வைத்தால் பாதுகாப்பு போய்விடும். நடுவில் நீளமான மஹோகனி கவுன்ட்டர். அதன்மேல் தராசு, பக்கத்தில் ஒரு சின்ன உலோக முறம். சவரன் என்ற தங்க நாணயம் ஒன்று எட்டு கிராமுக்கு ஒரு துளி குறைவு. கைமாறிக் கைமாறித் தேய்ந்துபோகும். அதனால் கேஷியர் நிறுத்துப் பார்ப்பார். கொடுக்கும்போது விரலால் ஒவ்வொன்றாக எண்ணமாட்டார். முறத்தால் அள்ளித் தட்டில் கொட்டுவார். தானியம் அளப்பது போலத் தங்கம் அளக்கிற அந்தச் சத்தமே வாடிக்கையாளருக்கு ஒரு சாட்சி.

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர் யார்? குமாஸ்தா. பெரும்பாலும் இயக்குநர் ஒருவரின் சிபாரிசில் வேலைக்கு வந்தவர். கோட்டும் காலரும் கனவானுடையவை, சம்பளம் அப்படி இல்லை. சம்பளம் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும்வரை கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது என்று பல வங்கிகள் விதி வைத்திருந்தன. குடும்பப் பாரத்தில் கல்லாவில் கை வைத்துவிடுவார் என்ற பயம். பளிங்கும் மஹோகனியும் சூழ நின்றவரின் சொந்த வாழ்க்கை அத்தனை இறுக்கமானது. பெண் குமாஸ்தாக்களை பாங்க் ஆஃப் இங்கிலாந்து எடுத்தது 1894-ல்தான்.

கூலிக்காரர் உள்ளே வரவே மாட்டார். 'வராதே' என்று பலகை தேவைப்படவில்லை. பணமே அந்த வேலையைச் செய்தது. 1829 முதல் முதல் உலகப் போர் வரை இங்கிலாந்தில் மிகச் சிறிய நோட்டு 5 பவுண்டு. அதாவது 100 ஷில்லிங். 1850 வாக்கில் விவசாயக் கூலியின் வாரச் சம்பளம் 10 ஷில்லிங்கை ஒட்டித்தான் இருந்தது. பத்து வாரம் சாப்பிடாமல் சேர்த்தால்தான் ஒரு நோட்டு! அவர் கையில் புழங்கியது வெள்ளியும் செம்பும். தூண்களுக்கு நடுவே அவருக்கு வேலையே இல்லை.

ஏழைக்கு எந்த வாசல்?

ஸ்காட்லாந்தின் ருத்வெல் கிராமத்தில் ஹென்றி டங்கன் என்ற பாதிரியார் 1810-ல் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார். கட்டடம் ஓர் எளிய குடிசை வீடு. ஆறு பென்ஸ், அதாவது அரை ஷில்லிங், இருந்தால் போடலாம். சேர்ந்த பணத்தை அவர் பிரிட்டிஷ் லினன் வங்கியில் வட்டிக்குப் போட்டார். 1851-52-ல் எடின்பரோவில் ஒவ்வொரு தூண் தலையிலும் ஒரு சிலை நிற்கும்படி தலைமையகம் கட்டியதும் அதே வங்கிதான். உழைப்பாளியின் ஆறு பென்ஸும் கடைசியில் பெரிய வாசலுக்குத்தான் போனது, அவர் போகவில்லை.

1861-ல் நாடு முழுக்கத் தபால் அலுவலகச் சேமிப்பு வங்கி வந்தது. ஒரு ஷில்லிங்கிலிருந்து போடலாம். வருஷத்துக்கு 30 பவுண்டு, மொத்தம் 150 பவுண்டு என்று உச்சவரம்பு. முக்கியமான விஷயம், போட்ட பணத்துக்கு அரசாங்கமே உத்தரவாதம். 1880-ல் இன்னும் கீழே இறங்கினார்கள். பார்வையற்றவரான தபால்துறை அமைச்சர் ஹென்றி ஃபாசெட் ஒரு படிவத்தை அறிமுகப்படுத்தினார். அதில் பன்னிரண்டு கட்டங்கள். ஒரு பென்னி கிடைக்கும்போதெல்லாம் ஒரு தபால்தலை வாங்கி ஒட்டவேண்டியது. பன்னிரண்டு நிறைந்தால் ஒரு ஷில்லிங், கணக்கில் ஏறும். வீட்டுவேலை செய்யும் பெண்ணும் பள்ளிச் சிறுவனும் சேமித்தது இப்படித்தான், மளிகைக் கடைக்குள் இருந்த தபால் கவுன்ட்டரில். அரசாங்கம் பின்னால் நின்றதால் அங்கே தூண் தேவைப்படவில்லை. இந்த ஒரு ஒப்பீடே போதும், தூண் எதற்காக வந்தது என்று புரிந்துகொள்ள.

அதேசமயம் நூற்றாண்டு முடிவதற்குள் உழைப்பாளிகளின் வங்கியும் கல்லுக்கு ஆசைப்பட்டது. கிளாஸ்கோ சேமிப்பு வங்கி 1890களில் கட்டடக் கலைஞர் ஜே. ஜே. பர்னெட்டை வைத்துக் குவிமாடத்தோடு ஒரு மண்டபம் கட்டியது. அதை வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். பத்து பவுண்டு போடுகிறவருக்கும் நிமிர்ந்து பார்க்கும்படி ஒரு வாசல் கிடைத்தது.

கல் தாங்காதபோது

1878 அக்டோபரில் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி விழுந்தது. கணக்குகளைத் திரித்து நஷ்டத்தை மறைத்திருந்தார்கள். இயக்குநர்கள் சிறைக்குப் போனார்கள். பணம் போட்டவர்களுக்கு முழுத்தொகையும் திரும்பக் கிடைத்தது. எப்படி? வரம்பற்ற பொறுப்பு. 100 பவுண்டு பங்கு வைத்திருந்தவர் முதலில் 500 பவுண்டும், அப்புறம் 2,250 பவுண்டும் கட்டவேண்டி வந்தது. 1,819 பங்குதாரர்களில் 254 பேர்தான் திவாலாகாமல் தப்பினார்கள். அழிந்தவர்களில் பங்கு வருமானத்தை நம்பி வாழ்ந்த விதவைகளும் மணமாகாத பெண்களும் நிறைய.

இதன் விளைவுகள்:

1. 1879-ல் புதுச் சட்டம் வந்தது. பெரிய வங்கிகள் பொறுப்புக்கு வரம்பு வைத்துக்கொள்ளத் தொடங்கின.

2. பங்குதாரரின் சொத்து முழுக்கப் பின்னால் நின்ற காலம் போனது. ஒழுங்காகத் தணிக்கை செய்து கணக்கை வெளியிடுவதும், அசையாத தோற்றமும் அந்த இடத்தை நிரப்பவேண்டியிருந்தது.

3. சின்ன வங்கிகள் பெரியவற்றில் கலந்தன. 1896-ல் இருபது தனியார் வங்கிகள் சேர்ந்து பார்க்ளேஸ் ஆயிற்று. குடும்பப் பெயரை மட்டும் வைத்து நின்ற வங்கிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கின.

தோற்றம் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு லண்டன் பர்க்பெக் வங்கியே சாட்சி. குமாஸ்தாக்கள், சிறு வியாபாரிகள் போன்ற கீழ்நடுத்தர மக்களின் வங்கி. 1892-ல் மக்கள் பயந்து கும்பலாகப் பணத்தை எடுக்க வந்தபோது சமாளித்து நின்றது. அதே பத்தாண்டில் டோல்டன் நிறுவனத்தின் மெருகேற்றிய ஓடுகளால் உள்ளும் புறமும் இழைத்து, பிரம்மாண்டக் குவிமாடத்தோடு கட்டடம் எழுப்பியது. 1911-ல் வங்கி மூடியது. கட்டடத்தை 1965-ல் இடித்தார்கள்.

சென்னைக் கடற்கரையில்

இந்தக் கணக்கு கப்பலேறி இங்கேயும் வந்தது. 1843-ல் தொடங்கிய பாங்க் ஆஃப் மெட்ராஸ், 1897-ல் இன்றைய ராஜாஜி சாலையில் தன் சிவப்புக் கட்டடத்தைத் திறந்தது. ஹென்றி இர்வின் வடிவமைக்க, தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி கட்டினார். பாணி, இந்திய, இஸ்லாமியக் கூறுகளை ஐரோப்பியக் கட்டடத்தோடு கலந்த இந்தோ-சரசெனிக். வாடிக்கையாளர் யாரோ அவருக்குத் தெரிந்த மொழியில்தானே கல்லும் பேசவேண்டும். இன்று அது ஸ்டேட் பாங்க்.

அதே சாலையில் இருந்த அர்பத்நாட் என்ற வங்கி நிறுவனம் 1906 அக்டோபர் 22-ல் விழுந்தது. அதை நம்பிப் பணம் போட்டவர்களுக்கு ஆதாரமாக இருந்தது ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் பெயர். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் சிறை. மறுவருஷமே இந்தியன் வங்கி பிறந்தது.

இந்த நேரத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் எப்படித் தொழில் செய்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். கிட்டங்கி என்ற நீளக் கூடம், தரையில் பாய், ஆளுக்கொரு மரப்பெட்டி, முன்னால் சாய்வு மேஜை. லட்சக்கணக்கில் வரவு செலவு அந்தப் பெட்டியில்தான். விலாசம் என்ற தொழில் பெயரும் உறவும் பிணையாக இருக்கும்போது கவுன்ட்டருக்குத் தூண் வேண்டியதில்லை. ஃப்ளீட் தெரு ஹோர் குடும்பத்துக்கும் இவர்களுக்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசம் குறைவு.

இப்போது மூடுவது ஏன் இத்தனை கண்ணில் படுகிறது

அந்தக் கட்டடங்கள் செய்துவந்த வேலையைக் காப்பீடும் ஒழுங்குமுறைச் சட்டங்களும் கைபேசியும் எடுத்துக்கொண்டுவிட்டன. கல்லுக்குப் பராமரிப்புச் செலவு மட்டும் மிச்சம். பல கட்டடங்கள் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருப்பதால் இடிக்க முடியாது. உயரமான கூடம், ஊரின் நடுமையம் என்பதால் ஓட்டல்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள். கமர்ஷியல் பாங்கின் எடின்பரோ மண்டபத்தில் இன்று சாப்பாட்டு மேஜைகள்.

கிளை மூடிய ஊர்களில் ரொக்கம் போடவும் எடுக்கவும் பெரிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள் இப்போது போவது தபால் அலுவலகத்துக்கு. வங்கிகள் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம் 2017 முதல் அதற்கு வழி செய்திருக்கிறது. பல ஊர்களில் அந்தக் கவுன்ட்டர் இன்றும் மளிகைக் கடைக்குள், ரொட்டி அடுக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.